இரண்டு நாற்காலி, ஒரு மேசை: குறுநாடகப் போட்டிகளின் உண்மையான ஆசிரியர் யார் என்பது குறித்து ஓர் ஆய்வு

அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலின் ஏழாம் பகுதியில் ஒரு செய்தியைப் போகிற போக்கில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒரே போட்டியில் நூறு துன்பியல் நாடகங்களை நடித்தாக வேண்டும் என்றால் நீர்க்கடிகாரத்தை வைத்துத்தான் நடத்த வேண்டிவரும். முன்னொரு காலத்தில் அப்படி நடந்ததாகவும் சொல்லக் கேள்வி என்கிறார். கூடவே, போட்டிக்கு ஏற்றபடி நாடகத்தின் நீளத்தை வரையறுப்பது கலையைச் சேர்ந்த விஷயமே அல்ல என்று தள்ளியும் விடுகிறார். அதே நூலில் உணர்ச்சி வடிகால் பற்றிய ஒற்றை வரிக்கு அலமாரி அலமாரியாக உரை எழுதிய அறிஞர்கள், இந்த நீர்க்கடிகாரத்தின் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வின் கருதுகோள் எளிது. அரிஸ்டாட்டில் சொன்னது தவறு. குறுநாடகப் போட்டிக்கு வந்து சேரும் நாடகங்களை எழுதுவது போட்டியாளர் அல்லர். போட்டியின் விதிமுறைத் தாள். போட்டியாளரை அதிகபட்சம் இணையாசிரியர் என்று ஒப்புக்கொள்ளலாம்.

விதிமுறைத் தாள் என்பது ஒரு பக்கத்துக்கு மிகாத இலக்கியம். நாடகம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, பாத்திரங்கள் நால்வருக்கு மேல் கூடாது, மேடையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் மட்டுமே தரப்படும், ஒருவர் ஒரு நாடகம்தான் அனுப்பலாம், வேறெங்கும் அரங்கேறியிருக்கக் கூடாது, நடுவர் தீர்ப்பே இறுதியானது. ஊருக்கு ஊர் எண்கள் மாறும்; சாரம் மாறாது. கடைசி வரியைப் படித்ததும் தீர்ப்பைப் பற்றிச் சண்டை வரப்போகிறது என்பது தெரிந்துவிடும். முதல் வரியைப் படித்ததும் நாடகம் எப்படி இருக்கப்போகிறது என்பது தெரிந்துவிடும்.

காலம்

பத்து நிமிடம் என்ற அளவு எங்கிருந்து வந்தது? அதற்குக் கலைக் காரணம் ஏதாவது இருக்கும் என்று தேடிப் போகிறவர், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரில் போய் நிற்பார். அங்கே 1964-ல் தொடங்கப்பட்ட ‘ஆக்டர்ஸ் தியேட்டர்’, 1976 முதல் புதிய நாடகங்களுக்கென்றே ஆண்டுவிழா எடுத்தது. 1969 முதல் 2000 வரை அந்த அரங்கை நடத்திய ஜான் ஜோரியைப் பத்து நிமிட நாடகத்தின் தந்தை என்று சொல்வது வழக்கம். ஆனால் அந்தக் குழந்தை பிறந்த காரணங்களைப் பார்த்தால் அழகியலைவிட நிர்வாகமே அதிகம் தெரிகிறது. பயிற்சிக்கு வந்த இளம் நடிகர்கள் கூட்டமாக இருந்தார்கள். எல்லோருக்கும் மேடையில் ஏதாவது ஒரு வேடம் தந்தாக வேண்டும். புதிய எழுத்தாளர்களையும் முழு நாடகத்துக்கான செலவில்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. பத்துப் பக்கத்துக்கு மிகாத நாடகங்களுக்குத் தேசிய அளவில் போட்டி அறிவித்து, 1,000 டாலர் ஹைட்மன் விருதும் கொடுத்தார்கள். அதன்பின் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு பத்து நிமிட நாடகம் முளைத்தது.

பத்துப் பக்கம் எப்படிப் பத்து நிமிடம் ஆகும்? பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது அமெரிக்கத் தட்டச்சு முறையில் ஊறிப்போன கணக்கு. இந்த மாறிலியைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டு. கையெழுத்துக்குக் கையெழுத்து, எழுத்துருவுக்கு எழுத்துரு பக்கம் நீளும், சுருங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நாடகாசிரியர் தம் நாடகத்தைத் தாமே வாசித்து நேரம் பார்ப்பது. அவர் வாசிக்கும்போது ஒன்பது நிமிடத்தில் முடியும். நடிகர் கையில் போனதும், ஒரு பெருமூச்சு, ஒரு திரும்பிப் பார்த்தல், சிரிப்பு வரும் என்று நம்பி விடும் ஓர் இடைவெளி எல்லாம் சேர்ந்து பதின்மூன்றைத் தாண்டும்.

பக்கக் கணக்கை ஒரேயடியாக உடைத்தவர் சாமுவேல் பெக்கெட். 1965-ல் அவர் எழுதிய ‘கம் அண்ட் கோ’வில் பேச்சு என்று பார்த்தால் சுமார் நூற்றிருபது சொற்கள்தான். நடிக்கப் பல நிமிடம் ஆகும். அவரே எழுதிய ‘பிரெத்’ நாடகத்தில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. மேடை முழுக்கக் குப்பை, ஒரு சிறு அழுகை, உள்ளிழுக்கும் மூச்சு, வெளிவிடும் மூச்சு, மறுபடி அழுகை; அரை நிமிடம் போலத்தான். 1969-ல் நியூயார்க்கில் ‘ஓ! கல்கட்டா!’ என்ற நிகழ்ச்சியின் பகுதியாக அது மேடையேறியபோது, குப்பைக்கு நடுவே ஆடையற்ற உடல்களையும் கிடத்திவிட்டார்கள். பெக்கெட் கொதித்துப்போனார். அரை நிமிட நாடகத்தையும் மேம்படுத்த முடியும் என்று நம்பும் இயக்குநர் எங்கும் உண்டு.

தமிழ் மரபு இந்தக் காலச்சிக்கலை எதிர்த்திசையிலிருந்து வந்து சந்திக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் பொழுது விடியும். பபூன் வந்து போக ஒரு நேரம், நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்ய ஒரு நேரம். இருவரும் கைதேர்ந்தவர்கள் என்றால் தர்க்கம் இன்னும் நீளும். கூட்டமும் அதற்காகவே உட்கார்ந்திருக்கும். வட மாவட்டத்துத் தெருக்கூத்தும் அப்படித்தான். இந்த மரபில் வந்தவருக்கு நாடகத்தை ஆரம்பிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுத்தத்தான் சொல்லித்தர வேண்டும்.

அதனால்தான் தமிழ்க் குறுநாடகப் போட்டிகள் பேச்சுப்போட்டியிடமிருந்து மணியைக் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எட்டாம் நிமிடத்தில் ஓர் எச்சரிக்கை மணி, பத்தாம் நிமிடத்தில் இறுதி மணி. எச்சரிக்கை மணி அடித்ததும் மேடையில் நடப்பது தனி ஆய்வுக்குரியது. அதுவரை வெறுப்பில் முறுக்கிக்கொண்டு நின்ற அண்ணன் தம்பி, மணி ஓசை கேட்டதும் கட்டிப்பிடித்து அழத் தொடங்குகிறார்கள். பத்து ஆண்டுப் பகை பன்னிரண்டு வினாடியில் தீர்கிறது. விமர்சகர் இதை வலிந்து திணித்த முடிவு என்பார். இவ்வாய்வின்படி அது மணியடித்தவர் எழுதிய வசனம்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். 1987-ல் தொடங்கப்பட்ட ரவீந்திரன் நாடகக் குழு, புதியவர்கள் எழுதி இயக்கும் குறுநாடக நிகழ்ச்சிக்குப் ‘பத்தே நிமிடம்’ என்றே பெயர் வைத்தது. கதை எதுவாக இருந்தாலும் கால அளவு தலைப்பிலேயே இருக்கிறது; பின்னால் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

நாற்காலி

இனி இவ்வாய்வின் மையப் பொருளுக்கு வரலாம். ஒரே மாலையில் எட்டு, பத்து நாடகங்கள் நடக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருட்டில் ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஊஞ்சலை மாட்டவோ சமையலறையைக் கட்டி எழுப்பவோ முடியாது. எனவே எல்லா நாடகத்துக்கும் பொதுவாக இரண்டு நாற்காலி, ஒரு மேசை. இந்த ஏற்பாட்டுக்கு அழகியல் உள்நோக்கம் எதுவும் கிடையாது. இருட்டில் யாரும் தடுக்கி விழக்கூடாது என்பதே காரணம்.

ஆனால் இதை எழுத்தாளர் படித்த கணத்தில் அவர் மனதில் என்ன நடக்கிறது? இரண்டு பேர் அருகருகே உட்காரும் இடம் எது என்று யோசிக்கிறார். பேருந்து நிறுத்தம். மருத்துவமனை வராந்தா. ரயில்வே பிளாட்பாரம். பூங்கா பெஞ்சு. நேர்காணலுக்குக் காத்திருக்கும் அறை. அங்கே உட்கார்ந்திருக்கும் இருவர் முன்பின் அறியாதவர்களாகத்தான் இருக்க முடியும். அறிந்தவர்கள் என்றால் பத்து நிமிடமும் பேசாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறியாத இருவர் பேச ஆரம்பித்தால், ஏழாம் நிமிடத்தில் ஒருவர் மற்றவருக்கு வேண்டியவர் என்பது தெரியவரும். அல்லது ஒருவர் ஏற்கெனவே இறந்துபோனவர் என்பது தெரியவரும். போட்டிகளில் ஆவிகள் இவ்வளவு அதிகமாக நடமாடுவதற்கு மர்மக்கதை மோகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாற்காலிதான் அவர்களை அழைத்து வருகிறது.

தமிழில் இந்த ஆவிகளின் இடத்தை எமதர்மராஜா எடுத்துக்கொள்வார். எமலோகம் என்றால் ஒரு நாற்காலி அரசருக்கு, இன்னொன்று சித்திரகுப்தனுக்கு, மேசை மேல் கணக்கேடு. கணக்கேடு இப்போது மடிக்கணினி ஆகிவிட்டது. ‘சர்வர் டவுன் பிரபு’ என்ற வசனத்துக்குச் சிரிப்பும் உறுதி. மேசை நாற்காலிக் கணக்கோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் புராணக் களம் வேறில்லை. பாரதப் போரை எழுத வந்தவரும் இதே காரணத்தால்தான் கடைசியில் எமலோகம் போய்ச் சேர்கிறார்.

சீனர்கள் இதை வேறு விதமாகக் கண்டுபிடித்தார்கள். பீக்கிங் ஓபராவின் மேடையில் மரபாகவே ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும்தான் இருக்கும். நாற்காலி அரியணை ஆகும்; கிணறாகும். மேசை மலையாகும், மதிற்சுவராகும், கட்டிலாகும். நடிகர் மேசைமேல் ஏறி நின்றால் மலையுச்சி; தாண்டிக் குதித்தால் கோட்டைச் சுவர். ஹாங்காங்கின் டேனி யுங் 1997-ல் இந்த மூன்று மரச்சாமான்களையே நிபந்தனையாக வைத்து, பல ஊர் இயக்குநர்களை அழைத்து, ஆளுக்கு இருபது நிமிடத்தில் ஒரு படைப்புச் செய்யச் சொன்னார். போட்டி அமைப்பாளர் வேறு வழியில்லாமல் போட்ட விதியை அவர் தெரிந்தே விதித்துக்கொண்டார். வேறுபாடு, நாற்காலியை நாற்காலியாக மட்டும் பார்க்கவேண்டியதில்லை என்ற ஞானம் அங்கே மரபில் இருந்தது. நம் சபா நாடகம் தலைமுறை தலைமுறையாக ஒரு சோபாவை நடுக்கூடத்தில் போட்டு, அதை சோபாவாகவே பார்க்கப் பழகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் தொலைபேசி மணி அடிப்பதற்காகவே அங்கே இருக்கும். சபா நாடகத்தைக் குறைத்து மதிப்பிடுவதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நகைச்சுவையின் காலக்கணக்கை அதனிடம்தான் கற்கவேண்டும். ஆனால் சோபா பழக்கத்தில் வந்தவர்களுக்கு இரண்டு நாற்காலி கிடைத்தால், அவற்றை ஒட்டிப்போட்டு மேலே போர்வை விரித்து சோபா ஆக்கிவிடுவார்கள்.

நாற்காலியைப் பற்றிய உலக இலக்கியச் சான்றுகள் ஏராளம். எட்வர்ட் ஆல்பியின் ‘தி ஸூ ஸ்டோரி’யில் பூங்கா, பெஞ்சு, முன்பின் அறியாத இருவர்; இன்றைய போட்டி நாடகங்களில் பெரும்பங்குக்கு அதுதான் பாட்டனார். அது முதன்முதலில் மேடையேறியது 1959 செப்டம்பரில், பெர்லினில், ஜெர்மன் மொழியில். அன்று அதனுடன் சேர்ந்து நடந்தது பெக்கெட்டின் ‘கிராப்’ஸ் லாஸ்ட் டேப்’. அதற்குத் தேவை ஒரு கிழவர், ஒரு மேசை, ஓர் ஒலிப்பதிவுக் கருவி. ஆக அன்றைய நிகழ்ச்சி எந்த ஊர் மன்றத்தின் விதிமுறைக்கும் உட்பட்டதே. பெஞ்சுப் பேச்சு கத்திக்குத்தில் முடிவதை மட்டும் நம்மூர்க் காவல்துறை அனுமதிக் கடிதத்தில் முன்கூட்டியே குறிப்பிட வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் ஐயனெஸ்கோ. 1952-ல் பாரிஸில் அரங்கேறிய ‘நாற்காலிகள்’ நாடகத்தில், கண்ணுக்குத் தெரியாத விருந்தினர் வர வர ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி வந்துகொண்டே இருக்கும். மேடை நாற்காலியால் நிரம்பி வழியும். எந்தப் போட்டியிலும் அது முதல் சுற்றிலேயே தகுதியிழக்கும். அந்த நாடகம் நடந்த ஆரம்ப நாட்களில் அரங்கிலும் காலி நாற்காலிகளே அதிகம் இருந்தன என்பது, மரச்சாமான் விஷயத்தில் கஞ்சத்தனமாக இருக்கும் அமைப்பாளர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். பெக்கெட்டோ, ‘கம் அண்ட் கோ’வில் மூன்று பெண்களை உட்காரவைத்துவிட்டு, அவர்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பார்வையாளருக்குக் கூடியவரை தெரியக்கூடாது என்று குறிப்பு எழுதினார்.

வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் மேடையையே வேண்டாம் என்றவர். 1980-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிலரங்கு தமிழ் வீதிநாடகத்துக்கு உரமிட்டது. நடிகரின் உடலே சுவர், மரம், இயந்திரம் எல்லாம் ஆகும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. அவர் வழியில் வந்தவர்கள் நடத்தும் போட்டியில் விதிமுறைத் தாள் சுருங்கித்தான் ஆகவேண்டும்.

பயிலரங்கு

போட்டிக்கு முன்னால் பயிலரங்கு வைப்பது நல்ல வழக்கம். எழுதத் தெரியாதவருக்குச் சொல்லித்தரலாம் என்பது அறிவிக்கப்பட்ட காரணம். போட்டிக்குப் போதிய ஆள் சேராவிட்டால் பயிலரங்குக்கு வந்தவர்களையே பிடித்து உட்காரவைக்கலாம் என்பது அறிவிக்கப்படாத காரணம்.

நாடகம் எழுதக் கற்றுத்தருவதைப் பல்கலைக்கழக வேலையாக்கியவர்களில் முன்னோடி, ஹார்வர்டின் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர். அவருடைய வகுப்பின் எண் ஆங்கிலம் 47. அதையொட்டி 1912-ல் அவர் தொடங்கிய நாடகப் பட்டறைக்கு ‘47 ஒர்க்‌ஷாப்’ என்றே பெயர். மாணவர் எழுதியதை நடித்துக் காட்டி, பார்த்தவர்களிடம் கருத்து எழுதி வாங்கும் முறையை அங்கே வளர்த்தார். 1914-ல் யூஜின் ஓநீல் அவரிடம் படிக்க வந்தார். கப்பலில் சாகக் கிடக்கும் மாலுமியைப் பற்றிய ‘பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்’ என்ற ஓரங்க நாடகத்தை பேக்கர் நாடகமாகவே ஏற்கவில்லை என்று ஓநீல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1916 கோடையில் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில், படகுத்துறை மேல் இருந்த பழைய கட்டடத்தில், எழுத்தாளர்களும் நண்பர்களுமாகக் கூடிய ஒரு குழு அதை நடித்தது. அமெரிக்க நாடக வரலாறு பாதி அந்தப் படகுத்துறையிலிருந்து தொடங்குகிறது. பேக்கரையும் இதற்காகக் குறை சொல்ல முடியாது. பயிலரங்கு நடத்துகிறவர் எதையாவது நாடகம் இல்லை என்று சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் கட்டணம் எதற்கு என்று கேள்வி வரும்.

நாடகத்தை வாசித்தபின் கருத்துச் சொல்லும் கட்டம் ஆய்வாளருக்குப் பொற்சுரங்கம். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் இதற்கு நான்கு படிகளில் ஒரு முறை வகுத்தார். முதலில் பார்த்தவர் தம்மைத் தொட்டது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்துப் படைப்பாளி கேள்வி கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர் கேட்கலாம். கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் படைப்பாளியிடம் அனுமதி கேட்டு, அவர் சரி என்றால். உலகெங்கும் பயிலரங்குகள் இதைப் பின்பற்றுகின்றன.

தமிழ்ப் பயிலரங்கில் இந்த நான்கு படியும் ஒரே மூச்சில் நடந்துவிடும். ‘நல்லா இருந்துச்சு சார். ஆனா ஒண்ணு...’ என்று ஆரம்பிப்பவர் ஏழு நிமிடம் பேசுவார். அதில் தம்முடைய நாடகத்தின் கதையையும் சொல்லி முடித்துவிடுவார். எழுதியவர் வாய் திறந்தால் வருவது பெரும்பாலும் ஒரே பதில்: ‘சார், இது எங்க தெருவுல நிஜமாவே நடந்தது.’ இதற்கு அரிஸ்டாட்டில் ஒன்பதாம் பகுதியில் விடை வைத்திருக்கிறார். நடந்ததைச் சொல்வது வரலாற்றாசிரியரின் வேலை. நடக்கக்கூடியதைச் சொல்வதே கவிஞரின் வேலை. ஆனால் தெருவில் நிஜமாகவே நடந்ததைப் பார்த்தவரிடம் இதைச் சொல்லி ஜெயித்த பயிற்சியாளர் இதுவரை இல்லை.

பயிலரங்கில் தரப்படும் பயிற்சிகளில் பயன் அதிகம் தெரிவது, ‘வணக்கம்’, ‘வாங்க’, ‘காபி சாப்பிடுறீங்களா’ மூன்றையும் தடை செய்வதுதான். தமிழ்ப் பாத்திரங்கள் மேடைக்கு வந்தால் குசலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்குவதில்லை. விருந்தோம்பல் உயர்ந்த பண்புதான். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை அது எடுத்துக்கொள்கிறது. இன்னொரு நல்ல பயிற்சி, எழுதியதில் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்வது. பல சமயம் கேட்பவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. எழுதியவருக்குத்தான் அன்று இரவு தூக்கம் வராது.

ஒரு சூரியச் சுற்றுக்குள் நாடகத்தின் செயல் முடியப் பார்க்கும் என்ற அரிஸ்டாட்டிலின் குறிப்பை எழுத்துக்கும் பொருத்திப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் தியேட்டர்ஒர்க்ஸ் குழு 1997-ல் தொடங்கிய போட்டியில், கலந்துகொள்பவர்கள் ஓரிடத்தில் அடைந்து கிடந்து 24 மணி நேரத்துக்குள் நாடகத்தை எழுதி முடிக்க வேண்டும். நடுநடுவே ஏதேனும் ஒன்றைத் தூண்டுதலாகக் கொடுப்பார்கள். அது நாடகத்துக்குள் வந்தாக வேண்டும். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்து நகலெடுப்பவரை மடக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. நியூயார்க்கில் 1995-ல் டினா ஃபாலன் தொடங்கிய ‘24 ஹவர் பிளேஸ்’ இன்னும் கொடிது. இரவில் எழுத்தாளர் எழுதுவார், பகலில் நடிகர் ஒத்திகை பார்ப்பார், அன்று மாலையே அரங்கேற்றம். நடிகர்கள் முதல்நாள் வரும்போது ஆளுக்கொரு பொருளையும் ஓர் உடையையும் கொண்டுவர வேண்டும். எழுத்தாளர் அவற்றைப் பார்த்துத்தான் எழுதத் தொடங்குவார். ஆக நாடகத்தின் மூலக்கதை நடிகர் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. இக்கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

தீர்ப்பு

ஏதென்ஸில் டயோனைசஸ் விழாவின் நாடகப் போட்டிக்கு நடுவர்களை நியமித்த முறை, ஒருவரையொருவர் முழுமையாகச் சந்தேகிக்கும் மக்கள் மட்டுமே உருவாக்கக்கூடியது. பத்துக் குலத்தாரின் பெயர்ச்சீட்டுகளும் தனித்தனிக் குடத்தில் முத்திரையிட்டு வைக்கப்படும். விழாவில் குடத்துக்கு ஒரு பெயர் எடுத்துப் பத்து நடுவர் அமர்வார்கள். முடிவில் பத்துப் பேரும் தீர்ப்பு எழுதிப் போட, அவற்றிலும் ஐந்தை மட்டும் குலுக்கி எடுத்து வெற்றி அறிவிப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவ்வளவு காபந்து இருந்தும் கி.மு. 468-ல் கூட்டத்தில் கட்சி கட்டிக்கொண்டு சச்சரவு முற்றியதால், சைமன் உள்ளிட்ட படைத்தலைவர்கள் பத்துப் பேரையே நடுவராக உட்காரவைத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இளைஞர் சோஃபக்ளிஸ் வென்றார். மூத்தவர் ஈஸ்கிலஸ் மனம் கசந்து சிசிலிக்குக் கிளம்பிவிட்டாராம்.

கி.மு. 431-ல் யூரிப்பிடிஸின் ‘மீடியா’ இடம்பெற்ற தொகுதிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். கலந்துகொண்டவர்களே மூன்று பேர். முதல் இடம் யூஃபோரியனுக்கு. அவர் ஈஸ்கிலஸின் மகன். ‘ஈடிபஸ்’ என்று உலகம் இன்றும் படிக்கும் நாடகத்தைக் கொண்டுவந்த ஆண்டில் சோஃபக்ளிஸ் தோற்றது ஃபிலோக்ளீஸிடம். அவர் ஈஸ்கிலஸின் உடன்பிறந்தாள் மகன். மகனும் மருமகனுமாக இரண்டு பெரும் நாடகங்களைத் தோற்கடித்திருக்கிறார்கள். இதிலிருந்து இவ்வாய்வு சுற்றத்தார் விதியை வருவிக்கிறது: போட்டியில் வெற்றி, அரங்கில் உள்ள உறவினர் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும். இன்று இந்த விதி பார்வையாளர் வாக்கெடுப்பு என்ற பெயரில் வெளிப்படையாகவே இயங்குகிறது. 2002-ல் சிட்னியில் தொடங்கிப் பல நாடுகள் சுற்றி, சென்னைக்கும் வந்து சேர்ந்த ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ பத்து நிமிட நாடக விழாவில் நடுவர் மதிப்பெண்ணோடு பார்வையாளர் வாக்கும் உண்டு. பெரிய குடும்பத்தில் பிறந்தவர் பாக்கியசாலி. யூஃபோரியன் தம் தந்தை எழுதி அரங்கேறாமல் வைத்திருந்த நாடகங்களைக் கொண்டே நான்கு முறை வென்றதாகப் பைசாந்தியக் காலத்து அகராதி ஒன்று சொல்கிறது. ‘சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும்’ என்ற விதி யாருக்காகச் சேர்க்கப்பட்டது என்பது இப்போது விளங்கும்.

தோற்றவர் என்ன செய்வார் என்பதற்கும் ஏதென்ஸ் முன்மாதிரி தருகிறது. கி.மு. 423-ல் அரிஸ்டோஃபனிஸின் ‘மேகங்கள்’ கடைசி இடம் பெற்றது. வென்றவர் கிராட்டினஸ்; முந்தைய ஆண்டுதான் அந்தக் கிழவரைக் குடித்துக் கெட்டுப்போனவர் என்று அரிஸ்டோஃபனிஸ் மேடையில் கிண்டலடித்திருந்தார். கிழவர் அந்தக் கிண்டலையே எடுத்துத் தம் குடியைப் பற்றி ஒரு நாடகம் எழுதி முதல் பரிசை அடித்துக்கொண்டு போனார். அரிஸ்டோஃபனிஸோ தம் நாடகத்தைத் திருத்தி எழுதும்போது, அதன் அருமை தெரியாத பார்வையாளர்களைப் பற்றிய புகாரை உள்ளேயே சேர்த்துவிட்டார். நமக்குக் கிடைத்திருப்பது அந்தத் திருத்திய வடிவம்தான்.

தமிழ்ப் போட்டியில் பெயரை நீக்கிவிட்டு எண் மட்டும் போட்டு நடுவருக்கு அனுப்பும் முறை உண்டு. முதல் பக்கத்தில் ‘ஏலே மக்கா’ என்று ஒரு பாத்திரம் கூப்பிட்டதும் எண்ணின் ஊர் தெரிந்துவிடும். ‘ஏனுங்க’ வந்தால் இன்னொரு ஊர். தூய தமிழில் யாராவது கோபப்பட்டால் ஆசிரியப் பணியில் இருப்பவர் என்று கொள்ளலாம். பரிசளிப்பு விழாவின் நேரக்கணக்கையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பத்து நிமிட விதி போட்டியாளருக்கு மட்டுமே. வரவேற்புரைக்கும், பொன்னாடை போர்த்துவதற்கும், சிறப்பு விருந்தினரின் பால்ய நினைவுகளுக்கும் எச்சரிக்கை மணி கிடையாது. மணியடிக்கும் தம்பி அந்த நேரத்தில் மேடைக்கு நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார். நாடகத்துக்கு இரண்டுக்கு மேல் இல்லை என்று சொன்ன அதே மன்றத்தில் விருந்தினருக்கு ஒன்பது நாற்காலி எப்படியோ வந்து சேரும்.

ஆய்வு நேர்மையானதாக இருக்க வேண்டுமானால் எதிர்ச்சான்றையும் சொல்லியாக வேண்டும். விதிமுறைத் தாள் எழுத்தாளரை எழுதியது போக, எழுத்தாளர் விதிமுறைத் தாளை எழுதிய சம்பவம் ஒன்று பதிவாகியுள்ளது. நியூயார்க்கின் குரூப் தியேட்டர் இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு நாடகப் போட்டி அறிவித்தது. வயது 25-க்குள் இருக்க வேண்டும். மிசிசிப்பியில் 1911-ல் பிறந்த தாமஸ் லேனியர் வில்லியம்ஸுக்கு அப்போது 27. அவர் பிறந்த ஆண்டை 1914 என்று மாற்றிக்கொண்டார். பெயரை டென்னஸி வில்லியம்ஸ் என்று போட்டுக்கொண்டார். ‘அமெரிக்கன் புளூஸ்’ என்ற தலைப்பில் சில ஓரங்க நாடகங்களையும் சேர்த்து, மெம்ஃபிஸில் இருந்த தாத்தா பாட்டி முகவரியிலிருந்து அனுப்பினார். 1939-ல் சிறப்புப் பரிசாக 100 டாலர் வந்தது. அந்தப் பரிசின் வழியாக ஆட்ரி உட் என்ற முகவரும் கிடைத்தார். பொய்யான 1914 பின்னர் பல ஆண்டுகள் அச்சில் அவருடைய பிறந்த ஆண்டாக உலவியது. வயது நிரப்பும் கட்டத்தில் அவர் எழுதியதையும் ஒரு படைப்பாகக் கணக்கில் சேர்த்து மதிப்பெண் போட்டிருக்க வேண்டுமா என்று அந்த நடுவர்களை யாரும் கேட்டதில்லை.